அலுவலக வேலை எதுவும் விட்டுப்போகாமல் இருக்க

வேலைகளை மனதில் சுமந்துகொண்டு அலையாதீர்கள், வந்த உடனே எழுதிவிடுங்கள். நோட்டோ மொபைலோ எதுவானாலும் சரி, ஆனால் ஒரே இடம்தான். 'ரிப்போர்ட்' என்று மொட்டையாக எழுதினால் நாலு நாள் அப்படியே கிடக்கும். 'மார்ச் மாத விற்பனைக் கணக்கை அக்கவுண்ட்ஸில் கேட்கணும்' என்று எழுதிப் பாருங்கள், கை தானாக ஃபோனை எடுக்கும். 2 நிமிடத்தில் முடிகிற வேலையை எழுதவே வேண்டாம், அப்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்தவர் பதிலுக்காகக் காத்திருக்கும் வேலைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு, யாரிடம் எந்தத் தேதியில் கேட்டோம் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள், நான் அதிகம் கோட்டை விட்டது இங்கேதான். அப்புறம், வாரக் கடைசியில் கிளம்புவதற்கு முன் 20 நிமிடம் ஒதுக்கி எல்லாவற்றையும் ஒருமுறை படித்து, முடிந்ததை அடித்துவிடுங்கள். இரண்டு வாரம் இதை விட்டால் பட்டியல் மேலேயே நம்பிக்கை போய்விடும்.