கடல் மீனில் வெள்ளைப் புள்ளியா? மருந்தை விடுங்கள், முதலில் மணலைப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் வீடு என்பதால் கடல் தண்ணீருக்கு எனக்குப் பஞ்சமில்லை, விடிய இரண்டு கானோடு போனால் வேலை முடிந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் முதல் தொட்டியை வைத்தேன். நான்காவது கிழமையே பவுடர் புளூ டாங்க் மீனின் செட்டையில் சீனிப் பருக்கை ஒட்டினாற்போல ஏழெட்டுப் புள்ளி. மூன்று நாளில் தானாகவே மறைந்தது, நானும் சுகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த தடவை உடம்பு முழுக்க ரவை தூவியதுபோல வந்தது. பதறிப்போய் ஒரு கடையில் தந்த செப்பு மருந்தை அப்படியே தொட்டியில் ஊற்றினேன். மீனும் போனது, கூட இருந்த இறாலும் அனிமோனும் போயின.

நடந்தது இதுதான். கிரிப்டோகேரியன் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் இருந்து தின்னும். பிறகு, பெரும்பாலும் இருட்டில், தானே கழன்று மணலிலும் கல்லிலும் முட்டைபோல ஓடு கட்டிக்கொள்ளும். அதற்குள் நூற்றுக்கணக்கில் பிரிந்து, சில நாளிலோ பல கிழமை கழித்தோ நீந்தும் குஞ்சுகளாக வெளியே வரும், அவற்றுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். தோலுக்குள் இருப்பதையும் ஓட்டுக்குள் இருப்பதையும் மருந்து தொடாது. நீந்தும்போது மட்டுமே பிடிக்கலாம். அதனால் புள்ளி மறைவது சுகமில்லை, அடுத்த சுற்று தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம்.

படி 1: எது என்று பாருங்கள்

டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எண்ணக்கூடிய, உப்புக்கல் அளவுப் புள்ளி என்றால் கிரிப்டோகேரியன். மாவு பூசியதுபோல மிக நுண்ணிய தூசு, வேகமான மூச்சு, பம்பின் நீரோட்டத்துக்குள் போய் நிற்பது என்றால் வெல்வெட் என்ற வேறு நோய். அது இரண்டு மூன்று நாளிலேயே கொன்றுவிடும், கீழே சொல்லும் உப்புக் குறைப்பு அதற்குச் சரிவராது, உடனே வேறு தொட்டியில் செப்பு மருந்துதான்.

படி 2: ஆஸ்பத்திரித் தொட்டி

60 லீற்றர் போதும். மணல் வேண்டாம், கல் வேண்டாம். ஒளிய இரண்டு எஸ்லோன் பைப் துண்டு, ஒரு ஹீட்டர், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பொஞ்ச் ஃபில்டர். புது ஸ்பொஞ்ச் என்றால் அமோனியா ஏறும், ஒட்டுண்ணியைவிட அதுதான் முதலில் மீனை முடிக்கும். தினமும் டெஸ்ட் பண்ணி, ஏறினால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். எல்லா மீனையும் பிடித்து இங்கே விட வேண்டும், புள்ளி இல்லாததையும்தான்.

படி 3: உப்பைக் குறைப்பது

செப்பு மருந்து வேலை செய்யும், ஆனால் அளவு கொஞ்சம் பிசகினாலும் ஒன்றில் மீன் சாகும், இல்லையென்றால் ஒட்டுண்ணி தப்பும். செப்பு டெஸ்ட் கிட்டைத் தேடி அலைவதைவிட, புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது உப்புக் குறைப்புதான். கடல் தண்ணீரின் ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 1.025 அளவில் இருக்கும், அதை 1.009க்கு இறக்க வேண்டும். இரண்டு நாளில், தடவைக்குக் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, குளோரின் போன நல்ல தண்ணீரை விட்டுக்கொண்டே வாருங்கள். 60 லீற்றரில் கடைசியில் ஏறக்குறைய 22 லீற்றர்தான் கடல் தண்ணீராக இருக்கும்.

உப்பை அளக்க, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கட்டாயம் வேண்டும், மிதக்கும் பிளாஸ்டிக் கருவியை நம்பாதீர்கள். பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டு வைத்து, கோடு பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்புக் குறையும்போது பிஎச்சும் இறங்கும், கால் தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து மெதுவாகச் சேர்த்தால் 8க்கு மேலே நிற்கும். இறால், நண்டு, பவளம் எதையும் இதற்குள் வைக்காதீர்கள், செத்துவிடும்.

கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து 30 நாள் இப்படியே. பிறகு ஒரு கிழமை எடுத்து மெல்ல மெல்ல உப்பை ஏற்றுங்கள். மீனுக்கு உப்புக் குறைவதைவிடக் கூடுவதுதான் கஷ்டம்.

படி 4: பெரிய தொட்டியைச் சும்மா விடுவது

இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். மீன் ஒன்றுகூட இல்லாமல் 76 நாள். கல்லுக்குள் ஒளிந்திருக்கும் சின்னக் கோபி மீன் ஒன்று போதும், எல்லாம் வீண். இறாலும் நண்டும் இருக்கலாம், இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பாடு போடுங்கள். நான் கலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன், வீட்டில் எல்லோரும் வெறும் தண்ணீருக்கு லைட் போடுகிறாய் என்று சிரித்தார்கள்.

படி 5: புது மீன்

புது மீன் வந்தால் நேரே பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது, ஒரு மாதம் ஆஸ்பத்திரித் தொட்டியில் இருக்கட்டும். புறாத்தீவில் நீங்களே பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது தேசியப் பூங்கா. மார்கழி மழையில் அள்ளும் தண்ணீரையும் அளந்து பாருங்கள், மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் கொட்டும்போது அங்கே உப்புக் குறைந்து கலங்கலாகக் கிடக்கும்.

வலை, சைபன் குழாய், வாளி எல்லாம் இரண்டு சோடி வேண்டும். ஒரே வலையைத்தான் பாவிக்கிறீர்கள் என்றால், மற்றத் தொட்டியில் போடுமுன் வெயிலில் சருகாகக் காய வையுங்கள், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் போதும் ஒட்டுண்ணிக்கு.