வெயிலுக்கு மங்காத செடி லேபிள்: காலி டின்னும் தீர்ந்துபோன பேனாவும் போதும்

கத்தரி நாற்றையும் சுண்டை நாற்றையும் சின்னதாக இருக்கும்போது பிரித்துச் சொல்வது சிரமம். கத்தரியிலேயே மூன்று ரகம் விதைத்திருந்தால் காய் வரும்வரை எது எதுவென்று தெரியாது. எனவே தொட்டிக்குத் தொட்டி பெயர் வேண்டும். அந்தப் பெயர் ஆடியில் விதைத்துத் தையில் பறிக்கும்வரை நிற்கவும் வேண்டும்.

கடையில் கிடைக்கும் மார்க்கர் பேனாவை நான் பரிந்துரைக்கமாட்டேன். அழியாத மை என்று அதில் போட்டிருப்பது தண்ணீருக்குத்தான் பொருந்தும். மொட்டைமாடி வெயிலில் எழுத்து வெளிறிவிடும். ஐஸ் குச்சி மண்ணுக்குள் இருக்கும் பாதியிலிருந்து அழுகும், தரைத்தோட்டமானால் கரையான் தின்னும். பிளாஸ்டிக் கரண்டி வெயிலில் காய்ந்து ஒருநாள் கையோடு ஒடிந்து வரும். மை இருந்தால்தானே மங்கும்? அலுமினியத் தகட்டில் எழுத்தைப் பள்ளமாகப் பதித்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

தேவையானவை: குளிர்பான டின் அல்லது பீர் டின், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, சாதாரணக் கத்தரிக்கோல், இரும்பு ஸ்கேல், ஆணி, பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. டின்னில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு, துருப்பிடிக்கும், விட்டுவிடுங்கள். பால்பவுடர் டின்கள் அப்படித்தான். தகரம் வெட்டும் கத்தரி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். இந்தத் தகடு காகிதம்போல வெட்டுப்படும்.

1. வெட்டுதல். டின்னை நன்றாகக் கழுவுங்கள். இனிப்பு ஒட்டியிருந்தால் எறும்பு வரும். மேல்விளிம்புக்குக் கீழே கத்திமுனையால் ஒரு துளை போட்டு, அதற்குள் கத்தரிக்கோலை நுழைத்துச் சுற்றி வெட்டுங்கள். அடிப்பகுதியையும் அதேபோல எடுத்துவிட்டு, நெடுக ஒரு வெட்டு. பருமனான டின்னில் ஏறக்குறைய 20 செ.மீ. நீளத் தகடு கிடைக்கும். அதில் 4 செ.மீ. அகலத்தில் ஐந்து பட்டைகள் வரும். விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். சுருண்டு நிற்கும் பட்டையை மேசை விளிம்பில் எதிர்ப்பக்கமாக இழுத்தால் நேராகிவிடும்.

2. எழுதுதல். இதில்தான் பலரும் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். காரணம் பேனா அல்ல, அடியில் வைக்கும் பொருள். கடப்பா கல் மேலோ தரை மேலோ வைத்து எழுதினால் தகடு அமுங்க இடமில்லை; கோடு கீறலாகத்தான் விழும், தள்ளி நின்றால் தெரியாது. தலையணை, ஸ்பாஞ்ச் என்று மெத்தென்ற எதையாவது வைத்தால் தகடே வளைந்து கிழியும். நான்காக மடித்த செய்தித்தாள் சரியாக இருக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகம் அதைவிட நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி.

அச்சிட்ட பக்கம் கீழே, வெள்ளிப் பக்கம் மேலே. முதலில் லேசாக எழுதி, அதே கோட்டின் மேல் இரண்டாம் முறை அழுத்திப் போங்கள். ஒரே மூச்சில் அழுத்தினால் வளைவுகளில் முனை வழுக்கும். தமிழில் எழுதுபவர்கள் புள்ளியில் கவனமாக இருக்க வேண்டும். ‘க்’குக்குப் பழக்கத்தில் நறுக்கென்று புள்ளி வைத்தால் தகடு ஓட்டையாகும், பேனாவைக் குத்தாமல் மிகச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். ‘ணை’, ‘ழ’ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளைப் பெரிதாக எழுதினால்தான் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. எழுத்தின் உயரம் ஒரு செ.மீ.க்குக் குறைய வேண்டாம். ஓரங்களில் அரை செ.மீ. விட்டுவிடுங்கள், மடிக்க வேண்டும்.

என்ன எழுதுவது? காயின் பெயர், ரகம், விதைத்த மாதம் மூன்றும் வேண்டும். ரகத்தை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பாதீர்கள்: பி.கே.எம்.1 என்ற பெயரில் தக்காளியும் உண்டு, முருங்கையும் உண்டு. இரண்டும் பெரியகுளத்தில் உருவானவை.

3. மடித்தல். எழுதிய பிறகுதான் மடிக்க வேண்டும்; முன்பே மடித்தால் ஓரம் தூக்கிக்கொண்டு பட்டை அடியில் படியாது. ஸ்கேலை ஓரத்தில் அழுத்திப் பிடித்து, நான்கு பக்கமும் அரை செ.மீ. பின்னுக்கு மடித்து, கரண்டியின் முதுகால் தேய்த்துப் படியவையுங்கள். கூர்மை போய்விடும், பட்டைக்கும் விறைப்பு வரும்.

4. நிறுத்துதல். மேலே ஆணியால் இரண்டு துளைகள். ஒரே துளையில் தொங்கவிட்டால் ஆடிக்காற்றில் சுழன்று சுழன்று துளை அகன்று அறுந்துவிடும். ஸ்போக்ஸ் கம்பியை இரண்டு துளைகளிலும் ஊசி கோர்ப்பதுபோல நுழைத்து, தொட்டியின் ஓரத்தில் செருகுங்கள். சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட கம்பிகள் கிடைக்கும். கட்டுக்கம்பி வேண்டாம், தொய்ந்துவிடும். மேல்முனையைக் கட்டாயம் வளைத்துவிடுங்கள். களை பறிக்கக் குனியும்போது கம்பி கண் உயரத்தில் நிற்கும்.

நாற்றுத் தட்டுக்கு இவ்வளவு வேலை தேவையில்லை. வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை நறுக்கி, உப்புக்காகிதத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பென்சிலால் எழுதுங்கள். பென்சில் எழுத்து கார்பன் என்பதால் வெயிலில் வெளிறாது. மார்க்கரை விட விலை குறைந்த பென்சில் இங்கே ஜெயிப்பதில் எனக்கு ஒரு குரூர மகிழ்ச்சி.

பின்சேர்க்கை: படித்தவர்கள் சிலர், உச்சிவெயிலில் தகடு பளபளத்து எழுத்து தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். கறுப்பு எனாமல் பெயின்டைத் துணியில் தொட்டு எழுத்தின் மேல் தேய்த்து, காய்வதற்குள் வேறு துணியால் மேற்பரப்பைத் துடைத்தெடுங்கள். பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும். பிற்பாடு பெயின்ட் போனாலும் பள்ளம் இருக்கும், மறுபடி தேய்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: அழகுக்காகச் செம்புக் கம்பியில் கட்டலாமா என்று கடற்கரையோரம் இருக்கும் ஒருவர் கேட்டார். வேண்டாம். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்புக்காற்றில் நனைந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். துளையைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்போக்ஸும் கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும். அங்கே பட்டையை நைலான் கயிற்றில் கோர்த்து, தொட்டியின் கழுத்தில் கட்டுவதே சரி.