குறுக்கீடு வரும்போது அடுக்கில் நடப்பது என்ன?

கிளிநொச்சியில் ஒரு வயலுக்கு நீர் இறைக்கும் பம்பியின் குழாயில் பாய்ச்சல் உணரியைப் பொருத்தி, அதன் துடிப்புகளை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் அசெம்பிளி மொழியில் எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துடிப்பும் ஒரு குறுக்கீடு: ஓடிக்கொண்டிருக்கும் முதன்மை நிரலை இடைநிறுத்தி, சேவை நிரல் எனப்படும் வேறொரு சிறு நிரலுக்குச் சில்லை அனுப்பும் சமிக்ஞை. ஊனோவில் உள்ள அட்மெகா328பி சில்லின் தரவு நினைவகம் 2048 பைட்டுகள். அதன் கடைசி முகவரி 2303. கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் தற்காலிகச் சேமிப்பிடமான அடுக்கு, அங்கே தொடங்கிக் கீழ்நோக்கி வளரும்.

முதலில், நிரலின் தொடக்கத்திலேயே, அடுக்கில் அடுத்து எழுத வேண்டிய முகவரியைக் காட்டும் அடுக்குச்சுட்டியில் 2303 என்ற எண்ணை இடுங்கள். இந்தச் சில்லு அதைத் தானாகவே செய்துகொள்ளும். ஆனால் பழைய அட்மெகா8 பூச்சியத்தில் தொடங்குவதால், இப்பழக்கம் நல்லது.

துடிப்பு வந்ததும், நடந்துகொண்டிருக்கும் கட்டளையை முடித்துவிட்டு, அடுத்த கட்டளையின் முகவரியை இரண்டு பைட்டுகளாக அடுக்கில் வைத்து, வேறு குறுக்கீடுகள் நுழையாதபடி பொதுக் குறுக்கீட்டுக் கொடியை (கொடி என்பது ஆம் அல்லது இல்லை எனக் காட்டும் ஒரு பிட்) அணைத்துவிட்டு, சில்லு உங்கள் சேவை நிரலுக்குத் தாவும். சுட்டி இப்போது 2301. சில்லு தானாகச் சேமிப்பது அந்த முகவரியை மட்டுமே. இன்டெலின் 8086 செயலி, கொடிகளையும் சேர்த்தே சேமிக்கும்; இங்கே அது உங்கள் பொறுப்பு.

இதைப் புறக்கணித்தால் வரும் பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். முதன்மை நிரல் 200 லீற்றருடன் 100 லீற்றரைக் கூட்டுகிறது என்க. ஒரு பைட்டில் 255 வரையே அடங்கும் என்பதால், கீழ்ப் பைட்டில் 44 நிற்க, மீதி 256 கேரி கொடியில் காத்திருக்கிறது. மேல் பைட்டைக் கூட்டுவதற்கு முந்திய அந்த இடைவெளியில் துடிப்பு வந்து, சேவை நிரலின் கூட்டல் அக்கொடியை அழித்துவிட்டால், விடை 300 அன்று, 44. எப்போதாவது ஒருமுறை மட்டுமே இது நேர்வதால், உணரியையே குறைசொல்லத் தோன்றும்.

ஆகவே சேவை நிரலை இவ்வாறு எழுதுங்கள் (கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்க):

புஷ் ஆர்16
இன் ஆர்16, எஸ்ரெக்
புஷ் ஆர்16
(துடிப்பை எண்ணும் பகுதி)
பொப் ஆர்16
அவுட் எஸ்ரெக், ஆர்16
பொப் ஆர்16
ஆர்ஈடிஐ

புஷ் அடுக்கில் வைக்கும், பொப் எடுக்கும்; இன் எஸ்ரெக்கைப் படிக்கும், அவுட் அதில் எழுதும்; ஆர்ஈடிஐ சேமித்த முகவரிக்குத் திரும்பும். பதிவகம் என்பது சில்லினுள் ஒரு பைட்டை வைக்கும் இடம்: ஆர்16 பொதுப் பயன்பாட்டுக்கானது, எஸ்ரெக் என்பது கொடிகள் உள்ள பதிவகம். அதை நேரடியாக அடுக்கில் வைக்க முடியாது என்பதால்தான் ஆர்16 வழியாகச் செல்கிறோம். அதற்காகவே ஆர்16இன் பழைய மதிப்பை முதலில் காக்கிறோம். எடுக்கும் வரிசை, வைத்த வரிசைக்கு நேர்மாறாக இருக்க வேண்டும். எண்ணும் பகுதி வேறு பதிவகங்களைத் தொட்டால், அவற்றையும் இவ்வாறே காக்க வேண்டும்.

இறுதியாக, சில்லைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளான உருவகப்படுத்தியில் ஒவ்வொரு படியாக ஓட்டி அடுக்குச்சுட்டியைப் பாருங்கள். முதன்மை நிரல் அடுக்கில் எதையும் வைத்திராதபோது, இரண்டாவது புஷ்ஷுக்குப் பின் அது 2299 ஆகவும், ஆர்ஈடிஐக்குச் சற்று முன் 2301 ஆகவும் இருக்க வேண்டும். ஒரு பொப் விடுபட்டிருந்தால் அங்கே 2300 நிற்கும். ஆர்ஈடிஐ தவறான பைட்டுகளை முகவரியாக எடுத்துக்கொண்டு எங்கோ தாவிவிடும்.