மலை ஏறுபவருக்குப் பரிசு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பிமலை ஏறுகிறவர், உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமம் போகிறவர், லீவு கிடைத்தால் நக்கிள்ஸ் மலைத்தொடர் பக்கம் கிளம்புகிறவர். மூவரையும் ‘மலை, காடு என்று திரியிற ஆள்’ என்று ஒரே கணக்கில் வைத்துக் கடைக்குப் போவதில்தான் பிழை தொடங்குகிறது. முதலாமவருக்கு வெயிலும் சூடேறிய பாறையும். இரண்டாமவருக்கு நாள்கணக்கில் மணலும் சமதரைக் காடும். மூன்றாமவருக்கு மழை, அட்டை, குளிர்காற்று. ஒருவருக்கு உதவுவது மற்றவருக்குச் சுமை. அடுத்ததாக எங்கே போகப்போகிறார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடுத்த பிழை பெரும்பாலும் விமானத்தில் வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் மாமா, பனிமலைக்கென்று செய்த இறகு ஜாக்கெட்டையும் மைனஸ் 10 பாகை தாங்கும் உறக்கப்பையையும் ஆசையோடு கொண்டுவருவார். நுவரெலியாவில் தை மாத இரவு 10 பாகைக்குக் கிட்ட இறங்கும். ஹோர்டன் சமவெளியில் சில விடியல்களில் உறைபனியும் விழும். எங்கள் தேவை அதோடு சரி. 5 முதல் 10 பாகைக்கு என்று குறித்த, செயற்கைப் பஞ்சு வைத்த உறக்கப்பை தாராளமாகப் போதும். இறகு ஈரம் பட்டால் கட்டிபட்டுச் சூட்டைப் பிடிக்காது. மாரி காலத்தில் அதைக் காயவைப்பதும் லேசில்லை. சின்ன காஸ் அடுப்பிலும் இதே வில்லங்கம். அடுப்பு விமானத்தில் வரும், காஸ் டின் வராது. திருகிப் பூட்டும் டின் இங்கே தேடி அலைய வேண்டிய சாமான். கடைகளில் கிடைக்கும் நீள டின்னுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் வாங்கினால் அடுப்பு அலுமாரியில்தான் இருக்கும்.

சப்பாத்தை இன்ப அதிர்ச்சியாகக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் கட்சி. விடாப்பிடியாக வாங்குவதென்றால் அவருடைய பழைய சப்பாத்தின் இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். 42 என்பது ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு நீளம். அவர் பாதத்தின் நீளம்தான் கணக்கு: பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம், கடதாசியில் நிற்கவைத்து குதியிலிருந்து மிக நீண்ட விரல் நுனிவரை சென்ரிமீற்றரில் அளக்க வேண்டும். சப்பாத்தின் உள்நீளம் அதைவிட ஒரு சென்ரிமீற்றரளவு கூட இருக்கட்டும். இந்த இடைவெளி ஏறும்போது தெரியாது. இறக்கத்தில் பாதம் முன்னுக்கு வழுக்கும். இடமில்லாவிட்டால் பெருவிரல் முன்சுவரில் மோதி மோதி நகம் கறுக்கும்.

‘புதுச் சப்பாத்து, ஒருநாளும் போடவில்லை, பாதி விலை’ என்று கிடைத்தால் இன்னும் கவனம். பெட்டிக்குள் கிடந்தாலும் சப்பாத்து முதுமையடையும். பல மலைச் சப்பாத்துகளில் அடித்தட்டுக்கும் மேற்பகுதிக்கும் நடுவில் பொலியூரேத்தேன் நுரை இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் அதை உள்ளுக்குள் மெதுவாக உடைக்கும். எங்கள் கரையோரச் சூட்டிலும் புழுக்கத்திலும் அந்த வேலை இன்னும் விரைவு. வெளியே பார்த்தால் பளபளப்புக் குறையாது. நடுநுரையைப் பெருவிரலால் அழுத்துங்கள். மீளாமல் பள்ளம் விழுந்தாலோ, வளைத்தவுடன் மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலோ, விரலில் தூள் ஒட்டினாலோ வைத்துவிட்டு வாருங்கள். அது பாதி வழியில் அடித்தட்டு வாய்பிளக்கும் சப்பாத்து. நாக்கின் உள்ளே தைத்திருக்கும் சின்னத் துண்டில் பல கொம்பனிகள் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் போடுகின்றன. ஐந்து வருடம் தாண்டியிருந்தால் எந்த விலைக்கழிவும் இலாபமில்லை. ஈவிஏ என்ற வேறு வகை நுரைக்கு இந்த வியாதி கிடையாது.

சப்பாத்துக்குப் பதிலாகக் காலுறை கொடுங்கள் என்றால் பலர் முகம் சுளிப்பார்கள். ‘சொக்ஸா குடுக்கிறது?’ ஆனால் நடக்கிறவருக்கு அதைவிட உதவும் பரிசு குறைவு. பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தோல் ஊறும், ஊறிய தோல் உரசினால் கொப்புளம். மெல்லிய கம்பளியும் நைலோனும் கலந்தது, கணுக்காலுக்கு மேலே வருவது, இரண்டு மூன்று சோடி. நக்கிள்ஸ், சிங்கராஜா மழைக்காடு போகிறவருக்கு அட்டைக் காலுறை வேறு. இதில் பின்னல் துணி உதவாது. பின்னலின் கண்ணுக்குள்ளால் அட்டை நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்காலுக்குக் கீழே நாடா வைத்துக் கட்டுவதாக இருக்க வேண்டும். தெரிந்த தையல்காரர் இருந்தால் தைத்தும் கொடுக்கலாம். குடும்பிமலைப் பக்கம் போன்ற வறண்ட பற்றைகளில் தொல்லை அட்டையைவிட உண்ணிதான். அங்கே போகிறவருக்கு நுனி கூரான ஒரு சின்னக் கிடுக்கி போதும்.

தண்ணீர்ப் போத்தலில் எடை பார்க்காமல் ஏமாறுகிறோம். சூடு குளிர் தாங்கும் ஒரு லீற்றர் இரும்புப் போத்தல் வெறுமையாகவே அரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். வெயிலில் நாலைந்து மணி நேரம் ஏற இரண்டு மூன்று லீற்றர் வேண்டும், அதுவே இரண்டு மூன்று கிலோ. பாரமற்ற பிளாஸ்திக் போத்தல் இரண்டு கொடுப்பதே மேல். பையும் அப்படித்தான்: ஒருநாள் நடைக்கு 20 முதல் 30 லீற்றர் போதும், இடுப்புப் பட்டி அவசியம். 60 லீற்றர் பை கொடுத்தால் மனுசன் அதை நிரப்பத்தான் பார்ப்பார்.

தண்ணீர் வடிகட்டி இப்போது நாகரிகமான பரிசு. நல்லதுதான், ஆனால் அது எதைப் பிடிக்கும் எதைப் பிடிக்காது என்று தெரிந்து கொடுக்க வேண்டும். 0.1 மைக்ரோன் நுண்துளை உள்ள குழாய் வடிகட்டி பக்றீரியாவைப் பிடிக்கும். வைரசையும் கரைந்த இரசாயனத்தையும் விட்டுவிடும். அம்பாறையில் பல ஓடைகள் வயல் நடுவால் வருகின்றன. களைகொல்லியும் உரமும் கலந்த வாய்க்கால் தண்ணீரை இந்த வடிகட்டி குடிநீராக்காது. குளத்துக் கலங்கல் தண்ணீரை நேரே விட்டால் சேறு அடைத்துக்கொள்ளும், முதலில் துணியால் வடிக்க வேண்டும். பின்பக்கமாகத் தண்ணீர் தள்ளிக் கழுவும் பீச்சுகுழல் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அது தொலைந்தால் வடிகட்டியும் முடிந்தது.

மின்சாமான்களில் பொய் அச்சடித்தே வருகிறது. 50,000 எம்ஏஎச் என்று போட்ட பவர் பாங்க் உள்ளங்கையில் அடங்கி 200 கிராம் நிறுத்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் 10,000 அளவுதான். உண்மையான 50,000 என்றால் ஒரு கிலோவை எட்டும். அந்த 10,000மும் 3.7 வோல்ற்றில் எண்ணியது. 5 வோல்ற்றுக்கு மாற்றி, இழப்பும் போக போனுக்குப் போவது 6,000 சொச்சம். நெற்றி டோர்ச்சுக்கு 200, 300 லூமன் வெளிச்சம் போதும். பைக்குள் தானாக எரியாதபடி பூட்டு வசதி உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். ஊர்க் கடையில் வாங்கக்கூடிய ஏஏஏ பற்றரி போடுவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் பற்றரியைக் கழற்றச் சொல்லுங்கள். கசிந்தால் தகடு பச்சை பிடித்துவிடும்.

ஊன்றுகோலில் திருகிப் பூட்டுவதைத் தவிருங்கள், மணல் புகுந்தால் வழுக்கும். நெம்புப் பூட்டு உறுதி. முழங்கை செங்கோணமாக மடியும் உயரம் சரி; ஐந்தடி ஆறு அங்குல ஆளுக்கு 115 சென்ரிமீற்றர் அளவில் வரும். நுனிக்குப் போடும் றப்பர் மூடி இரண்டு கூடுதலாக வையுங்கள். சிவனொளிபாதமலைச் சீமெந்துப் படியில் இரும்பு நுனி சறுக்கும், மூடியோ அடிக்கடி கழன்று தொலையும்.

மழைக்கு, முதுகுப்பையையும் மூடும் பொஞ்சோ எங்கள் சூட்டில் ரெயின்கோட்டைவிட வசதி. கோட்டுக்குள் வியர்வையே மழைபோல நனைக்கும். ஆனால் ரிவஸ்டன் மாதிரிக் காற்றடிக்கும் முகட்டில் பொஞ்சோ பட்டமாகப் பறக்கும். இடுப்பில் கட்ட நாடா உள்ளதைப் பார்த்து எடுங்கள்.

முதலுதவிப் பெட்டியில் குளிசைகளை நீங்களாக நிரப்ப வேண்டாம். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தும் சுகாதார வைத்திய அதிகாரி சொல்லிக் கொடுக்க வேண்டியது. வயலிலும் ஓடையிலும் இறங்குகிறவருக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர் வையுங்கள், கிருமி காயத்தாலும் நுழையும். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) பைக்கற் நாலைந்து, கூடவே அளவுக்கோடு போட்ட ஒரு போத்தல். பாதிப் பைக்கற்றைக் குத்துமதிப்பாகக் கரைத்தால் உப்பின் அளவு பிழைத்துவிடும்.

கதிர்காமப் பாதயாத்திரைக்காரருக்கு மேற்சொன்னதில் பாதி வேண்டாம். பலர் வெறுங்காலுடனோ செருப்புடனோதான் நடக்கிறார்கள், சப்பாத்து அங்கே மணலை அள்ளும். உகந்தை தாண்டினால் கடை கிடையாது. அரிசியும் பருப்பும் தோளில் போகும்போது ஒவ்வொரு கிராமும் கணக்கு. அகல விளிம்புத் தொப்பி, சீக்கிரம் காயும் மெல்லிய துவாய், தோளை அறுக்காத அகலப் பட்டியுள்ள பை, குமுக்கன் ஆற்றைக் கடக்கும்போது சாமான் நனையாமல் பைக்குள் விரிக்கத் தடித்த பொலித்தீன் உறை ஒன்று. யாத்திரை தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள், பையைத் தோளில் போட்டு நடந்து பார்க்க அவகாசம் வேண்டும்.