களப்பயிற்சியில் ஒரு தெருவின் உடல்நலத்தை அறிவது எப்படி? செவிலிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வார்டில் நோயாளி நம்மைத் தேடி வருகிறார். வராதவர் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. சமூக சுகாதாரக் களப்பயிற்சி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்கான வாசல் துணை சுகாதார நிலையம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒன்று என்பது விதி. அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி பெற்று, அவருடன் ஊரை ஒருமுறை சுற்றி வந்தபின் ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். அத்தெருவில் ஒரு வீட்டையும் விடக் கூடாது. நூறு நாள் வேலைக்குச் சென்றவர்களின் வீடுகள் காலையில் பூட்டியிருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு மாலையில் மீண்டும் செல்லாவிட்டால், உங்கள் கணக்கில் வீட்டோடு இருக்கும் முதியவர்களே மிகுந்திருப்பார்கள்.

இரத்த அழுத்தம் பார்க்கும்போது அவசரம் வேண்டாம். காபியோ பீடியோ முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் அமர்ந்திருக்கச் சொல்லி, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து இருமுறை அளவெடுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது நோயென்று நீங்களே அறிவிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்ததாக, கிடைத்த எண்களை வகைபிரித்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, தெருவில் 30 வயதைக் கடந்த 60 பேரில் 15 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது ஏற்கெனவே உறுதியாகி, அவர்களில் 6 பேர் மட்டுமே மாத்திரை எடுக்கிறார்கள் என்றால், மீதி ஒன்பது பேரைப் பற்றிய விசாரணைதான் இப்பயிற்சியின் மிக மதிப்புள்ள பகுதி என்பது என் கருத்து. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அப்படியிருந்தும் அவர்கள் விடுபட்டது பட்டியலில் பெயர் இல்லாததாலா, “தலைசுற்றல் நின்றுவிட்டது, இனி எதற்கு” என்று அவர்களே நிறுத்தியதாலா, வேலைக்காக வெளியூர் சென்றதாலா? முதலாவதைப் பதிவேட்டில் சரிசெய்யலாம். இரண்டாவதற்குக் குடும்பத்தாரையும் அமரவைத்துப் பொறுமையாகப் பேச வேண்டும். மூன்றாவதற்கு, செல்லும் ஊரில் மாத்திரை கிடைக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

யாருடைய அளவையும் பக்கத்து வீட்டார் காதுபடச் சொல்லாதீர்கள். ஊர்க்கூட்டத்தில் எண்களை மட்டும் பகிருங்கள். பெயர்ப் பட்டியலை, பயிற்சி முடியும் நாளுக்கு முன்பே கிராம சுகாதார செவிலியரிடம் ஒப்படைத்து, அந்த ஒன்பது வீடுகளுக்கும் அவரோடு ஒருமுறை சென்று வாருங்கள்.