உலக அரசியல் எழுத வரும் தம்பி, தங்கைகளே… இந்தத் தவறுகள் வேண்டாம்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கையோடு ஒரு கட்டுரை கொண்டுவருவார்கள். ஏகாதிபத்தியம், உலக வங்கி, காஸா, ஆயுத வியாபாரம் என்று தலைப்பெல்லாம் கனமாகவே இருக்கும். அக்கறையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வயதில் நாங்கள் விழுந்த அதே பள்ளத்தைத் தேடிப்பிடித்து விழுகிறார்கள். ஆண்டு மாறிப்போவது, பெயரில் பிழை இதையெல்லாம் மெய்ப்பு பார்க்கிறவர் கவனித்துக்கொள்வார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒப்பந்தத்தைப் படிக்காமலே வில்லனை முடிவு செய்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

இலங்கை நெருக்கடி பற்றி ஒரு கூட்டம். பேச வந்த கல்லூரி மாணவர், "சீனா கடன் கொடுத்தது, இவர்களால் கட்ட முடியவில்லை, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டது" என்று ஒரே மூச்சில் முடித்தார். நல்ல கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுந்து, "குத்தகையில வந்த பணம் எந்தக் கடனுக்குப் போச்சு தம்பி?" என்றார். தம்பியிடம் பதில் இல்லை.

2017இல் அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன அரசு சார்ந்த நிறுவனத்திடம் போனது உண்மை. தொகை 112 கோடி டாலர். ஆனால் துறைமுகம் கட்டச் சீன எக்சிம் வங்கியிடம் வாங்கிய கடன் அதனால் தீரவில்லை, இலங்கை அரசின் தலையிலேயே நின்றது. வந்த டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. கையிருப்பு ஏன் வற்றியது? 2007இல் 50 கோடி டாலரில் ஆரம்பித்து, சர்வதேசச் சந்தையில் அரசு விற்றுக்கொண்டே போன கடன் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் கடன் கட்டுவதை நிறுத்தியபோது வெளிக்கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பத்திரங்கள்தான். சீனாவுக்குத் தர வேண்டியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. போதாததற்கு 2019இல் கோத்தபய அரசு மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8ஆக வெட்டியது. 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் தடாலடியாகத் தடுத்தது.

பீஜிங்கை மட்டும் கைகாட்டினால் பத்திரம் வாங்கி வட்டி தின்ற நிதி நிறுவனங்களும், வரியை வெட்டிய கொழும்பு ஆட்சியாளர்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எல்லாவற்றையும் வாஷிங்டன் தலையில் கட்டுகிற கட்டுரைகளிலும் இதே கதைதான். நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்குக் கடன் தரும் சர்வதேச நாணய நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அவர்கள் வேண்டாமென்றால் நடக்காது. இதற்கு ரகசியக் கூட்டம் எதற்கு? விதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்! நிஜமாகவே ரகசியமாக நடந்தவற்றுக்கும் காகிதம் உண்டு. 1953 ஈரான் ஆட்சிக் கவிழ்ப்பில் தன் கை இருந்ததை ஒப்புக்கொள்ளும் சிஐஏவின் சொந்த ஆவணம் 2013இல் வெளியானது. சிலியில் அயெந்தே அரசுக்கு எதிராக அமெரிக்கா ரகசியமாகச் செய்ததை அமெரிக்க செனட் குழுவே 1975இல் அறிக்கையாகப் போட்டது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

அந்தக் கூட்டத்தில் நடந்த நஷ்டம் துறைமுகத்தோடு நிற்கவில்லை. பேச்சின் பின்பாதியில் 2009 இறுதிப்போர் பற்றியும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பற்றியும் அதே மாணவர் ஒழுங்காகப் படித்துத் தயாரித்து வந்திருந்தார். யார் காதிலும் ஏறவில்லை. "துறைமுகக் கதை மாதிரிதான இதுவும்" என்று வாசலில் இரண்டு பேர் சிரித்தார்கள். அகதி முகாமிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா அதைக் கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார். எனக்கு அந்த இரண்டு பேர் மேல் கோபமில்லை. அவர்களுக்கு அந்தச் சாக்கை எடுத்துக்கொடுத்தவர் மேல்தான் கோபம்.

தூரத்துத் துப்பாக்கி மட்டும் கண்ணில் படுவது

உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் பாலஸ்தீனத்தின் சோதனைச் சாவடி, அனுமதிச் சீட்டு பற்றி அருமையாக எழுதியிருந்தார். பெருங்காமநல்லூர் பற்றிக் கேட்டேன். "நினைவுத் தூண் இருக்குண்ணே, பஸ்ல போறப்ப பாத்திருக்கேன்" என்றார். 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகைச் சட்டத்துக்குப் பணிய மறுத்த அந்த ஊர் மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் அவர்களில் ஒருவர். ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளி என்று பதிந்து, கைரேகை எடுத்து, அனுமதியில்லாமல் ஊர் தாண்டாதே என்ற சட்டம் அது. பாலஸ்தீனத்தில் இஸ்ரேல் இன்றும் எடுத்து வீசுகிற நெருக்கடி விதிகள் 1945இல் பிரிட்டிஷார் போட்டவை. இரண்டு ஊரையும் ஒரே பேரரசு ஆண்டிருக்கிறது. இதைவிட நல்ல கட்டுரை அவர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது, பஸ் ஜன்னலுக்கு வெளியே.

எல்லாரையும் பாசிஸ்ட் என்பது

கட்டுரைக்கு ஒருமுறை. அதுவும் காரணத்தோடு.

'அரசு சுட்டது' என்று நிறுத்திக்கொள்வது

எந்த அரசு, யார் உத்தரவு, எந்தத் துப்பாக்கி? 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் தொடங்கிய துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைத் திறந்து பார்க்காமல் 'அரச பயங்கரவாதம்' என்று நாலு பக்கம் எழுதினால், சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு உங்களால் ஒரு தொந்தரவும் இல்லை.

எண்ணிக்கையை ஏற்றிப்போடுவது

முள்ளிவாய்க்கால் பற்றி எழுதும்போது ஆளுக்கொரு எண் போடுகிறார்கள். ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011இல் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் உள் ஆய்வு, 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்பதற்கான தகவலைக் குறிப்பிட்டது. இறந்தவர் வேறு, கணக்கில் வராதவர் வேறு. எண்ணுக்குப் பக்கத்திலேயே யார் சொன்னது, எந்த ஆண்டு, எதை எண்ணினார்கள் என்று எழுதுங்கள். மறுக்கக் காத்திருக்கிறவர்கள் முதலில் கைவைப்பது அந்த எண்ணில்தான்.

கட்டுரையைக் கவிதையில் முடிப்பது

தயவுசெய்து வேண்டாம்.