கொசஸ்தலை எங்கே பிறக்கிறது? நாம் தவறாக நினைப்பவை

2021 நவம்பரில் வடசென்னை மணலி புதுநகரில் மழை விட்ட பிறகுதான் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறியது. வாசற்படியில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கோடு முழுகிவிட்டது. சாக்கடைக் கறுப்பு இல்லை, செம்மண் கரைந்த நிறம். எங்கேயோ மலைப்பக்கம் பெய்து, கொசஸ்தலை ஆற்றில் வந்த மழை அது.

இங்கே பலர் செய்யும் தவறு, கொசஸ்தலை ஆறு பூண்டியில் பிறக்கிறது என்று நினைப்பதுதான். பூண்டி, 1944-ல் ஆற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம். ஆறு அதற்கும் மேலே, ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து வருகிறது. சரி, அங்கே போனால் தலைக்காவிரி மாதிரி ஒரு குளம் இருக்குமா என்று தேடுவது அடுத்த தவறு. இந்த ஆற்றுக்குப் பல தலைகள். ஆந்திர மலைகளிலிருந்து நகரி ஆறு, திருத்தணிப் பக்கமிருந்து நந்தி ஆறு, தெற்கே காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீர் எல்லாம் சேர்ந்துதான் கொசஸ்தலை.

அதனால் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். வடசென்னைக்காரர்கள் நகரி, பள்ளிப்பட்டு, திருத்தணி மழையையும் பார்க்க வேண்டும். அங்கே கொட்டினால் பூண்டி நிரம்பும். திறந்துவிட்ட தண்ணீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி நம்மிடம்தான் வரும்.

கிருஷ்ணா நீரையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஆந்திராவின் கண்டலேறு கால்வாய் வழியாக 1996 முதல் பூண்டிக்கு வரும் அந்தத் தண்ணீருக்கு ஊற்றுக்கண் மகாராஷ்டிராவின் மகாபலேஷ்வர். அங்கிருந்து அரபிக்கடல் சுமார் 64 கிலோமீட்டர்தான். ஆனாலும் கிருஷ்ணா கிழக்கே திரும்பி 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடலுக்கு வருகிறது. நம் வீட்டுக் குழாயில் அதுவும் கலந்து வருகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆரணி ஆற்றையும் கொசஸ்தலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு. அது பழவேற்காட்டுக்குப் போகிறது.

அப்புறம், மேலே மட்டும் பார்ப்பதும் போதாது. பூண்டியைத் திறந்தாச்சு என்று தெரிந்தால், கொசஸ்தலை கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் ஓதம் எப்போது என்று மீன்பிடிக்கும் அண்ணன் யாரையாவது கேளுங்கள். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போக வழியில்லாமல் தேங்கி நிற்கும். அதற்கு முன்பே அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.